மாணவர்க்குச் சட்டக் கல்வியும் நம் சங்கங்களும்

கடன் பத்திரத்தில் ஜாமீன்தாரராகக் கையொப்பமிடுவோர், கடன் பெற்றவருக்கு நிகரான பொறுப்பை ஏற்றுக்கொள்கின்றனர். கடன் பெற்றவரை முதலில் துரத்திப் பிடித்து, அவரிடம் வசூலாகாத பாக்கியை மட்டுமே ஜாமீன்தாரரிடம் கேட்க வேண்டும் என்னும் கட்டாயம், பத்திரத்தில் அவ்வாறு எழுதப்பட்டிருந்தாலன்றி, சங்கத்துக்குக் கிடையாது. 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128 ஆம் பிரிவு கூறுவது இது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடப்பில் உள்ள இவ்விதியை நம் உறுப்பினர்களுள் எத்தனை பேர் அறிந்திருக்கின்றனர்? சங்கக் கணக்குகளைப் பார்வையிட ஊர் ஊராகச் செல்லும் நமக்குக் கிடைக்கும் விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை. "தெரிந்த மனிதர் கேட்டார், ஒரு கையெழுத்துத்தானே என்று போட்டேன்" என்பதே பெரும்பாலும் நாம் கேட்கும் சொல்.

அவ்வாறு கையெழுத்திட்ட நெசவாளர் ஒருவர் வீட்டில், சங்கத்திலிருந்து வந்த அறிவிப்பை அவருக்குப் படித்துக் காட்டியவள் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள். ஒரு சொல்லும் தடுமாறாமல் அழகாகவே படித்தாள். "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்றால் என்னம்மா?" என்று தகப்பனார் கேட்டபோது அவளுக்கு விடை தெரியவில்லை. பாராளுமன்றத்தின் அவைகள் எத்தனை, குடியரசுத் தலைவர் ஆவதற்கு உரிய வயது என்ன என்பவற்றைக் கேட்டிருந்தால் உடனே கூறியிருப்பாள். குடியியல் பாடம் தன் கடமையைச் செய்யாமல் இல்லை. அப்பாடத்துக்கும் அவள் வீட்டுத் தகரப் பெட்டியில் உள்ள தாள்களுக்கும் நடுவே எவரும் பாலம் அமைக்கவில்லை என்பதுதான் நம் குறை.

நம் உறுப்பினர் இல்லங்களில் இன்றைக்கும் தாள்களைப் படிப்பவர் பிள்ளைகளே. கரும்பு ஆலையின் பட்டுவாடாச் சீட்டு, வங்கிப் பாஸ்புத்தகம், பட்டா, சாதிச் சான்று, குடும்ப அட்டை, மின் கட்டண ரசீது ஆகிய யாவும் அவர்கள் கை வழியாகவே பெரியோர் அறிவுக்கு எட்டுகின்றன. ஆகவே, சட்டத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதானால் இத்தாள்களிலிருந்து தொடங்குதல் வேண்டும் என்றும், கற்பிப்பவர் கூட்டத்தில் ஊராரும் இடம்பெறுதல் வேண்டும் என்றும் கூற விரும்புகிறோம்.

இத்துறையில் ஒன்றுமே நடைபெறவில்லை என்று கூறினால் அது நேர்மையாகாது. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987 இல் இயற்றப்பெற்று, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. வறியோர்க்கு வழக்கறிஞரை அமர்த்தித் தருவதோடு, மக்களிடையே சட்ட அறிவைப் பரப்புவதும் அச்சட்டம் விதித்த கடமை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவிக்கு உரியவர். பள்ளிகளில் சட்ட எழுத்தறிவு மன்றங்கள் அமைக்கவும் திட்டம் உண்டு. 15100 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. எனினும், நடைமுறையில் பெரும்பான்மையான பள்ளிகளுக்குச் சட்டக் கல்வி என்பது ஆண்டுக்கு ஒரு முகாம். பந்தல், பதாகை, வரவேற்புரை, நாலைந்து சட்டங்களின் பெயர்கள், நன்றியுரை, புகைப்படம். மறுநாள் அப்பிள்ளைகளிடம் கேட்டால் வந்தவர்களின் பதவிப் பெயர்கள் நினைவிருக்கும். இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்களைத் தாங்கிய விளம்பரப் பலகை ஒன்றைச் சென்ற மாதமும் ஒரு பள்ளிச் சுவரில் கண்டோம். அச்சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்து எண்கள் எல்லாம் மாறிவிட்டன. பலகைக்கு அச்செய்தி எட்டவில்லை போலும்! எண்களை மனப்பாடம் செய்வித்தல் எவ்வளவு பயனற்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

கல்வராயன் மலைக்குச் சட்டம் வந்த கதையைச் சிறிது நினைவுகூர்தல் நலம். சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களாகப் பிரிந்து கிடந்தது அம்மலை. நாடு விடுதலை பெற்ற பின்னரும், குடியரசான பின்னரும், அங்கே ஜாகீர் முறை நீடித்தது. 1976 ஆம் ஆண்டில்தான் மலை அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்தின் கீழ் வந்தது. அதாவது, இன்று வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் பள்ளி செல்லும் பிள்ளைகளின் பாட்டனார்கள் ஜாகீர்தாருக்கு வரி செலுத்தியவர்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே 1976 இல் என்பது நினைத்துப் பார்க்கத்தக்க ஒற்றுமை.

ஜாகீர்தார் போனபின் மலைக்கு வந்த சட்டம் பெரும்பாலும் சீருடை அணிந்தே வந்தது. வனக்காவலரும் மதுவிலக்குப் போலீசாரும் அதன் முகங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, எல்லாரும் மலையை நோக்கியே விரல் நீட்டினர். அங்கே கொன்றது மெத்தனால் என்னும் தொழிற்சாலைச் சரக்கு. அது மலை ஊறலில் பிறப்பதன்று என்னும் செய்தி பின்னரே பலர் செவியில் ஏறியது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து வழக்கெடுத்து, சாலை, மருத்துவம், கல்வி ஆகியவற்றின் நிலையை அரசாங்கத்திடம் வினவத் தொடங்கியது. நீதிமன்றம் வினவியது நன்று. ஊர்க்காரரே வினவக் கற்றிருந்தால் இவ்வளவு காலம் ஆகியிராது.

செம்மரம் வெட்டப் போய்த் திரும்பாதவர்களையும் இங்கே சொல்லாமல் இருக்க இயலாது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர். அவர்களுட் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டத்து ஒண்டிமிட்டா ஏரியில் பிணமாகக் கிடந்த ஐவர் கல்வராயன் மலையின் சேலம் மாவட்டப் பகுதியினர். முன்பணம் கொடுத்து ஆள் திரட்டும் தரகர் "மரம் வெட்டும் வேலை" என்று மட்டும் சொல்வார். எந்த மரம், யாருடைய காடு, பிடிபட்டால் என்ன தண்டனை, பிடித்தவர் நம்மை எத்தனை மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தக் கடமைப்பட்டவர் என்பவற்றைச் சொல்வாரா? 24 மணி நேரம் என்று அரசியலமைப்பின் 22 ஆம் பிரிவு கூறுகிறது. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இதனைத் தன் அண்ணனுக்குச் சொல்லும் நிலை வருமானால் அது சிறு காரியம் ஆகாது.

சட்டம் தாமதிக்கும், தாமதித்தாலும் வரும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்து இழைத்த கொடுமைக்கு 269 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். வழக்கு நடக்கும்போதே 54 பேர் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே நாளில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சாட்சி சொன்னவர்கள் மலையாளிப் பழங்குடிப் பெண்கள். கல்வராயன் மலையினருக்கு உறவான இனத்தவர். அவ்வளவு காலம் அவர்கள் பிறழாமல் நின்றதற்கு ஊரும் சங்கங்களும் பின்னே நின்றது காரணம்.

இனி, மலைப் பள்ளியில் ஒரு பாடம் எவ்வாறு அமையலாம் என்று பார்ப்போம். வன உரிமைச் சட்டம், 2006 என்பதை எடுத்துக்கொள்ளலாம். 2005 டிசம்பர் 13 ஆம் தேதிக்கு முன்பிருந்து வனநிலத்தில் குடியிருந்து உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அதன் அனுபோகத்தில் உள்ள நிலத்துக்கு நான்கு ஹெக்டேருக்கு மேற்படாமல் உரிமை வழங்கலாம். கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபை. உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படும். அது வாரிசுகளுக்கு இறங்கும். ஆயின் விற்க முடியாது. ஆகவே கந்துவட்டிக்காரர் அதை எழுதி வாங்கிக்கொள்ளவும் இயலாது. இவ்வளவையும் ஒரு ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டுப் போகலாம். பிள்ளைகளும் எழுதிக்கொள்வர்.

ஆனால், இச்சட்டத்தின் விதிகளில் ஓர் அருமையான இடம் இருக்கிறது. சான்றுகளாக எவை ஏற்கப்படும் என்னும் பட்டியலில், அரசாங்கப் பதிவேடுகளோடு, நிலத்தில் கண்ணால் காணத்தக்க வரப்பு, சமன் செய்த கொல்லை, தடுப்பணை முதலியனவும், பழங்கிணறு, இடுகாடு, தெய்வத் தலம் போன்றவையும், கோரிக்கையாளர் அல்லாத ஊர் மூத்தோர் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலமும் இடம்பெற்றுள்ளன. எழுத்தறியாத முதியவரின் நினைவை ஆவணமாக ஏற்கும் சட்டம் நம் நாட்டில் அதிகம் இல்லை. அந்த வாக்குமூலத்தை எழுதப் போகிறவர் யார்? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதலாமே! ஊர்க்கவுண்டரையும் மூதாட்டிகளையும் பள்ளி மரத்தடிக்கு அழைத்து, இக்கொல்லை யார் காலத்தில் திருத்தப்பட்டது, சாமை விதைத்த ஆண்டு எது, பெருமழையில் வரப்பு உடைந்தது எப்போது என்று கேட்டு எழுதட்டும். எழுதியதை அவர்கள் முன்னே படித்துக் காட்டட்டும். சான்று ஒன்று மட்டும் போதாது, ஒன்றுக்கு மேல் வேண்டும் என்னும் விதியை அப்போது சொன்னால் அது பசுமரத்தாணிபோல் பதியும். கேள்விப்பட்டதைக் கண்டதுபோல் எழுதலாகாது என்னும் நீதிமன்ற ஒழுக்கமும் கூடவே வந்துவிடும். இங்கே ஆசிரியர் பள்ளிக்கூடத்தவர், அறிவுடையோர் ஊரார், எழுத்தர் மாணவர். வட்ட சட்டப் பணிகள் குழுவின் தன்னார்வலர் ஒருவர் உடனிருந்து பிழை திருத்தினால் போதும்.

சாதிச் சான்றும் அத்தகையதே. பழங்குடியினருக்குரிய சான்றை வழங்கும் அதிகாரம் படைத்தவர் வட்டாட்சியர் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியர் என்னும் ஒரு செய்தி தெரியாமையால் எத்தனை நடை வீணாகிறது!

மலையிலிருந்து இறங்கிக் கச்சிராயபாளையத்துக்கு வந்தால் பாடம் மாறும். அங்கும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்பு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் விலையைக் கொடுக்க வேண்டும் என்றும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி சேரும் என்றும் 1966 ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை கூறுகிறது. கூட்டுறவு ஆலையும் தனியார் ஆலையும் இதற்கு உட்பட்டவையே. பட்டுவாடாச் சீட்டில் உள்ள இரு தேதிகளைக் கொண்டு வட்டி கணக்கிடுவது எட்டாம் வகுப்புக் கணக்கு. கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட சேலை, வேட்டி, துண்டு முதலிய இரகங்களை விசைத்தறியில் நெய்வது 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது என்பதையும், அச்சட்டம் செல்லும் என்று 1993 இல் உச்ச நீதிமன்றம் கூறியதையும், நெசவாளர் பிள்ளை சந்தையில் ஒரு துணியைத் தொட்டுப் பார்த்தே கற்கலாம்.

இதுவரை சொன்னவற்றை நம் உறுப்பினர்கள் தலையசைத்துக் கேட்டிருப்பார்கள். இனிச் சொல்வதையும் கேட்டல் வேண்டும். கரும்பு வெட்டும் ஆட்களுக்கு முன்பணம் கொடுத்து, அது தீரும்வரை வேறிடம் செல்லவொட்டாமல் நிறுத்தி வைப்பது கொத்தடிமை முறை. அக்கடன் சட்டத்தின் முன் கடனே அன்று, அழிந்துபட்டது. நிறுத்தி வைத்தவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளை, பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் கை கொடுக்கலாம் என்று 2016 ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. அடுத்த வீட்டுத் தறியில் அப்பிள்ளையைக் கூலிக்கு அமர்த்த இடம் தரவில்லை. இவற்றைப் பிள்ளைகள் கற்றால் முதற்கேள்வி எங்கே எழும்? நம் களத்திலும் நம் திண்ணையிலும் எழும். "அப்பா, அந்த மேஸ்திரிக்கு நாம் கொடுத்த முன்பணத்துக்குச் சீட்டு இருக்கிறதா?" என்று மகன் கேட்பான். துணைவிதிகளின் நகல் எங்கே, சென்ற ஆண்டுத் தணிக்கையறிக்கை பேரவையில் படிக்கப்பட்டதா என்று சங்கச் செயலாளரையும் ஒரு மாணவி கேட்பாள். அவற்றைப் பொறுத்துக்கொள்ளும் மனம் நமக்கு இல்லையேல், இம்முயற்சியில் இறங்காமல் இருப்பதே நேர்மை. பிறர் தவறு செய்யும்போது மட்டும் பேசும் சட்டத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தால், அவர்கள் கற்பது சட்டமாக இராது. ஊர் வஞ்சமாகத்தான் இருக்கும்.

பிள்ளைகள் வழக்காடிகளாகிவிடுவார்கள் என்று அஞ்சும் பெரியோர் உளர். அவர்கள் கருத்துக்கு நாம் அதிக இடம் தருவதற்கில்லை. வழக்கு மன்றத்தில் காலத்தைப் போக்குவோருள் பெரும்பாலோர், கையெழுத்திடும் முன் படிக்காதவர்கள். வேறோர் ஐயம் மட்டும் மதிக்கத்தக்கது. ஊரார் பங்கு கொள்ளவேண்டும் என்கிறீர்களே, ஊராரே தவறு செய்யும் இடத்தில் என்ன செய்வது என்பது அது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகுமுன் மணம் முடிப்பதை 2006 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பந்தலில் முன்வரிசையில் அமர்பவர் யார்? அதே ஊர்ப் பெரியவர்கள். சிறுவர் சிறுமியர் மீதான பாலியல் குற்றங்களில் அடங்கிப் போகச் சொல்லி வற்புறுத்துவோர் பல வேளைகளில் உறவினர். அக்குற்றத்தை அறிந்த எவரும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்று போக்சோ சட்டம் 2012 இல் விதித்திருக்கிறது. இவ்விரண்டையும் மரத்தடியில் ஊர்கூடிக் கற்பிக்க முடியாது. அந்த நாழிகைக்கு ஊரார் வெளியேற வேண்டும். சங்க நிர்வாகிகளும் வெளியேற வேண்டும். பெண் ஆசிரியரும் வெளியூர் வழக்கறிஞரும் பிள்ளைகளோடு தனித்துப் பேசட்டும். 1098 என்னும் எண்ணைப் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும். எங்கே உடனிருப்பது, எங்கே விலகி நிற்பது என்று அறிவதும் ஊரின் பங்கே.

பிற நாட்டு அனுபவம் இதற்கு அரண் செய்கிறது. 1972 இல் வாஷிங்டன் நகரத்து ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்று, வீட்டு வாடகை, கடைக் கடன், போலீஸ் விசாரணை ஆகிய அன்றாடச் செய்திகளைக் கொண்டே சட்டம் கற்பிக்கத் தொடங்கினர். "தெருச் சட்டம்" என்பது அதன் பெயர். 1980களில், நிறவெறி ஆட்சி நீங்குமுன்னரே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் (நம்மவர் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய் இறங்கிய அதே துறைமுகத்தில்) நடால் பல்கலைக்கழகத்தார் அதை மேற்கொண்டனர். தங்களை ஒடுக்கும் சட்டத்தையே படித்து, அதில் உள்ள சிறு சிறு பாதுகாப்புகளைப் பயன்படுத்த அங்குள்ள பிள்ளைகள் பழகினர். அவர்களோடு ஒப்பிட்டால் நம் நிலை எவ்வளவோ மேல். நமக்குப் பயன்படும் சட்டங்கள் இயற்றப்பட்டே கிடக்கின்றன.

நம் சங்கங்கள் இதில் தலையிடுவானேன் என்று கேட்போருக்கு ஒன்று கூறலாம். 1995 இல் மான்செஸ்டரில் அகில உலகக் கூட்டுறவு நேசச் சங்கம் வகுத்த ஏழு கோட்பாடுகளில் ஐந்தாவது கல்வி. இளைஞர்க்குக் கூட்டுறவை அறிவுறுத்த வேண்டும் என்று அது பெயர் சுட்டியே கூறுகிறது. நிகர இலாபத்திலிருந்து கூட்டுறவுக் கல்வி நிதிக்கு ஒரு பகுதி செலுத்த வேண்டும் என்று 1983 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் கட்டளையிடுகிறது. ஆண்டுதோறும் செலுத்துகிறோம். அதன் பயன் நம் ஊர்ப் பள்ளிவரை வருமாறு கேட்பது நம் உரிமை. பள்ளிப் பக்கத்திலும் கதவு திறந்தே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009 இன்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அவர்களுள் பலர் நம் உறுப்பினர்கள்.

வரும் பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். அக்கூட்டத்துக்கே ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களைப் பார்வையாளராக அழைக்கலாம். வாக்குரிமை அவர்களுக்கு இல்லை. ஆயினும் தீர்மானம் எவ்வாறு முன்மொழியப்படுகிறது, எதிர்ப்பு எவ்வாறு பதிவாகிறது என்பதைக் காணட்டும். மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் போதும். மலையில் அறுவடைக் காலத்திலும், சமவெளியில் கரும்பு வெட்டும் காலத்திலும் இதை வைத்துக்கொள்ள வேண்டா, பெரியோர் வரமாட்டார்கள். வகுப்பில் பயன்படுத்தும் கடன் பத்திரம், அறிவிப்பு, பட்டுவாடாச் சீட்டு ஆகியவற்றுக்கு நகல் எடுக்கும் செலவைச் சங்கம் ஏற்கலாம். நகல் எடுக்குமுன் உறுப்பினர் பெயர், கணக்கு எண், ஆதார் எண் மூன்றையும் காகிதம் ஒட்டி மறைத்துவிடல் வேண்டும்; மறைத்தது சரியாக இருக்கிறதா என்பதைச் செயலாளரே ஒருமுறை பார்த்துக் கையொப்பமிட்டுப் பள்ளிக்கு அனுப்பட்டும்.